சி டிரைவ் சிவந்தால் முதலில் பார்க்க வேண்டியது

ஒரு டிரைவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடம் எஞ்சும்போது விண்டோஸ் அதன் பட்டையைச் சிவப்பாகக் காட்டத் தொடங்குகிறது. சி டிரைவ் அப்படிச் சிவந்தவுடன் பெரும்பாலோர் கேட்பது, டி டிரைவில் காலியாகக் கிடக்கும் இடத்தை அதற்கு எப்படி மாற்றிக் கொடுப்பது என்பதைத்தான். அதற்கு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கொண்டுவந்த கணினிகள் பலவற்றில் பார்ட்டிஷனை, அதாவது வட்டை சி, டி என்று பிரித்திருக்கும் பகுதிகளை, தொட வேண்டிய தேவையே எழவில்லை. இடத்தை எது அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நீக்கியோ நகர்த்தியோ விட்டால் போதுமானதாக இருந்தது. பார்ட்டிஷன் அளவை மாற்றுவது, தவறினால் மொத்தத் தரவையும் இழக்கச் செய்யக்கூடிய வேலை என்பதால், அது கடைசியாக வர வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரே வட்டை சி, டி, இ என்று கூறுபோடும் வழக்கத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணங்கள் இருந்தன. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 தொடக்கத்தில் பயன்படுத்திய ஃபேட்16 என்ற கோப்பு முறையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. அந்த அளவை எட்டும்போது ஒவ்வொரு கிளஸ்டரும், அதாவது ஒரு கோப்புக்கு ஒதுக்கக்கூடிய மிகச் சிறிய இடமும், 32 கேபி ஆகிவிடுவதால், ஒரு கேபி மட்டுமே உள்ள கடிதம்கூட வட்டில் 32 கேபியைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வட்டைச் சிறு பகுதிகளாகப் பிரிப்பது அன்றைக்குச் சிக்கனமான ஏற்பாடு. பிறகு ஃபேட்32, என்டிஎஃப்எஸ் ஆகிய முறைகள் வீட்டுக் கணினிகளுக்கு வந்து அந்தத் தடை நீங்கினாலும், எக்ஸ்பி காலத்தில் வேறொரு காரணம் சேர்ந்துகொண்டது. வைரஸ் புகுந்துவிட்டது, கணினி மந்தமாகிவிட்டது என்று அடிக்கடி ஃபார்மட் போட வேண்டியிருந்ததால், சி-யை அழித்தாலும் டி-யில் உள்ள பாட்டும் படமும் தப்பிக்கட்டும் என்று பிரித்து வைத்தார்கள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து எங்கள் ஊர்க் கடைவரை, கணினியை அசெம்பிள் செய்து தருகிறவர் "எத்தனை டிரைவ் போடட்டும்?" என்று கேட்பது வழக்கமாகவே நிலைத்துவிட்டது.

இன்றைக்கு விண்டோஸை மறுபடி நிறுவும்போது, சொந்தக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளும் வசதி அதனுள்ளேயே இருக்கிறது. டி-யில் வைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையோ முன்பும் அரைகுறையாகத்தான் உண்மையாக இருந்தது. சி-யும் டி-யும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள் என்பதால் வட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். பழைய காரணங்கள் போய்விட்ட பிறகும் எஞ்சியிருப்பது தொல்லை மட்டுமே. மென்பொருள்களும் அவற்றின் தற்காலிகக் கோப்புகளும் கேட்காமலேயே சி-யில் போய்க் குவிகின்றன; அதன் எல்லை 100 ஜிபி என்றோ 120 ஜிபி என்றோ வாங்கிய அன்றே யாரோ முடிவு செய்துவிட்டிருப்பதால், பக்கத்தில் 200 ஜிபி சும்மா கிடக்கும்போதே இடமில்லை என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டி 476 ஜிபி என்றும், 1 டிபி வட்டு 931 ஜிபி என்றும் காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் அதையே 1,073,741,824 பைட் என்று வகுக்கிறது. எந்த மென்பொருளைக் கொண்டும் அந்த மீதியை மீட்க முடியாது.

எங்கள் ஊரில் திருமணங்களுக்குப் படமும் வீடியோவும் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரின் மடிக்கணினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 512 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 120 ஜிபி சி-க்கு, மிச்சம் டி-க்கு. சி-யில் இரண்டு ஜிபிகூட எஞ்சவில்லை. எடிட் செய்த வீடியோவை வெளியே எடுக்கும்போதெல்லாம் மென்பொருள் பாதியில் நின்றுகொண்டிருந்தது. "அண்ணா, டி டிரைவ்ல ஏகப்பட்ட இடம் சும்மா கெடக்கு. அதுலேருந்து ஒரு நூறு ஜிபி வெட்டி சி-க்குக் குடுத்துடுங்க, போதும்" என்றார். அந்த டி டிரைவில் இன்னும் ஒப்படைக்காத மூன்று நான்கு கல்யாணங்களின் வீடியோக்கள் இருந்தன. வேறெங்கும் அவற்றுக்கு நகல் இல்லை. அதைக் கேட்டதும் பார்ட்டிஷன் பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முதலில் சி-க்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸின் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் என்று போனால், செயலிகள், தற்காலிகக் கோப்புகள், ஆவணங்கள் எனப் பிரித்து எது எவ்வளவு என்று காட்டும். இது மேலோட்டமான கணக்கு. எந்தக் கோப்புறையில் எந்தக் கோப்பு என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் போன்ற மென்பொருள் ஏதாவது ஒன்று தேவை. விஸ்ட்ரீ ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து எண்ணாமல், என்டிஎஃப்எஸ் வைத்திருக்கும் தலைமைக் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படித்துவிடுவதால் மிக விரைவாக முடித்துவிடும். அதை நிர்வாகி உரிமையுடன் திறப்பது முக்கியம். இல்லாவிட்டால் அந்த அட்டவணையைப் படிக்க முடியாமல் மெதுவான வழிக்குப் போவதோடு, அனுமதி இல்லாத கோப்புறைகளையும் விட்டுவிடும். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும்.

ஸ்டுடியோ கணினியில் விஸ்ட்ரீ காட்டிய பட்டியலின் உச்சியில் விண்டோஸ் இல்லை. பயனர் பெயருக்குக் கீழே மறைந்திருக்கும் ஆப்டேட்டா கோப்புறைதான் முதலிடத்தில் இருந்தது. அதற்குள் போனால் எடிட்டிங் மென்பொருளின் மீடியா கேஷ் மட்டும் 40 ஜிபிக்கு மேல். கேமராவிலிருந்து வரும் வீடியோவை டைம்லைனில் தடங்கலின்றி ஓட்டுவதற்காக, ஒலியைத் தனியே பிரித்தும் அலை வடிவங்களை வரைந்தும் அந்த மென்பொருள் துணைக் கோப்புகளை உருவாக்கி வைக்கிறது. திட்டம் முடிந்து வாடிக்கையாளருக்குப் பென் டிரைவ் கொடுத்த பிறகும் அவை தாமாக அழிவதில்லை. பெயரைப் பார்த்தபோது முந்தைய ஆண்டு முகூர்த்தங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மூல வீடியோ இருக்கும்வரை இந்தக் கோப்புகளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், மென்பொருளின் அமைப்புகளிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டு, இனிமேல் கேஷ் டி டிரைவில் சேரும்படி இருப்பிடத்தை மாற்றினோம். கோப்புறையைக் கையால் அழிப்பதைவிட இப்படி மென்பொருளின் வழியாகவே செய்வது நல்லது. இருப்பிடத்தை மாற்றாமல் அழிப்பதோடு நிறுத்தினால், அடுத்த முகூர்த்த மாதத்தில் அதே நிலைமை திரும்பிவிடும்.

அடுத்துக் கண்ணில் பட்டது சி-யின் வேரிலேயே கிடக்கும் ஹைபர்ஃபில் என்ற கோப்பு. கணினியை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருப்பவற்றை அப்படியே வைத்து அணைக்கும்போது, ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) உள்ளதை எழுதி வைப்பதற்காக ஒதுக்கப்படும் இடம் அது. வழக்கமாக ரேமின் 40 விழுக்காடு அளவு இருக்கும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் ஏறக்குறைய ஆறரை ஜிபி. ஹைபர்னேட் வசதியை ஒருபோதும் பயன்படுத்தாதவர், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைக் கொண்டு அதை அணைத்துவிட்டால் கோப்பு உடனே மறைந்துவிடும். ஆனால் கணினியை விரைவாகத் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் அதோடு சேர்ந்து போய்விடும். அது வேண்டும் என்பவர் முழுவதும் அணைக்காமல், அதே கட்டளையின் சுருக்க வகையைத் தேர்ந்தால் கோப்பு பாதியாகக் குறையும். ரேம் நிரம்பும்போது துணைக்கு வரும் பேஜ்ஃபில் கோப்பை மட்டும் அழிக்கவோ முடக்கவோ வேண்டாம். ரேம் போதாத நேரத்தில் வீடியோ மென்பொருள் திடீரென்று மூடிக்கொள்வதற்கு அதுவே காரணமாகிவிடும். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோருக்கான நிழல் நகல்கள் சாதாரணமாகப் பார்த்தால் எந்தக் கோப்புறையிலும் தென்படாமல் பல ஜிபியை விழுங்கிக்கொண்டிருக்கக்கூடும். சிஸ்டம் புரொடெக்‌ஷன் பகுதியில் அதற்கு உச்ச வரம்பு வைக்கலாம். சில ஜிபி போதும்.

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை பலரைப் பயமுறுத்துவது. வலச்சொடுக்கிப் பண்புகளைப் பார்த்தால் பத்து ஜிபிக்கு மேல் காட்டும். அதில் பெரும்பகுதி, சிஸ்டம்32 போன்ற இடங்களில் உள்ள கோப்புகளுக்கான ஹார்டு லிங்க், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர். வட்டில் ஒருமுறை இருப்பதை எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணிவிடுகிறது. அந்தக் கோப்புறையில் நேரடியாகக் கை வைத்தால் விண்டோஸ் எழுந்திருக்காமலே போகலாம். டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துச் சுத்தம் செய் என்ற பொத்தானை அழுத்தினால், வழக்கொழிந்த அப்டேட் கோப்புகளை அதுவே பார்த்து நீக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கிடக்கும் விண்டோஸ் ஓல்டு கோப்புறையும் அங்கேயே அகப்படும். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் அழித்துவிடலாம், விட்டுவைத்தாலும் பத்து நாளில் தானாகப் போய்விடும். தற்காலிகக் கோப்புகள் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெயரும் ஒரு வரியாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் வங்கி அறிக்கை, ஆதார் நகல், பிள்ளையின் ஹால் டிக்கெட் எல்லாம் டவுன்லோட்ஸ் கோப்புறையில்தான் கிடக்கும். எல்லாவற்றையும் டிக் செய்யும் வேகத்தில் அதையும் டிக் செய்துவிட்டால், எஸ்எஸ்டியில் டிரிம் வசதி அழித்த இடத்தை விரைவில் துடைத்துவிடுவதால், மீட்பு மென்பொருள் வாங்கியும் பயனிருக்காது. ஒரே சொடுக்கில் கணினியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கிளீனர் மென்பொருள்களைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. அவை பெருமையோடு நீக்கிக் காட்டும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) பதிவுகளால் கிடைக்கும் இடம் ஒரு புகைப்படத்துக்குக்கூடக் காணாது.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகளை வெட்டி ஒட்டாமல் முறையாகவே டி-க்குக் குடிமாற்றலாம். கோப்புறையின் பண்புகளில் லொகேஷன் என்ற தாவலில் புதிய இடத்தைக் கொடுத்தால், உள்ளே இருப்பவற்றை விண்டோஸே நகர்த்தி, மென்பொருள்களுக்கும் புதிய இடத்தைத் தெரிவித்துவிடும். டி-யில் அதற்கென்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதைக் கொடுக்க வேண்டும். வெறுமனே டி டிரைவின் வேரைக் கொடுத்தால் டிரைவ் முழுவதுமே டாக்குமெண்ட்ஸ் ஆகிவிடும். பிறகு பிரிப்பது பெரும்பாடு.

இவ்வளவும் முடிந்தபோது ஸ்டுடியோக்காரரின் சி டிரைவில் 60 ஜிபிக்கு மேல் காலியாகிவிட்டது. நூறு ஜிபி வெட்டிக் கொடுக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

இப்படியெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்தான் பார்ட்டிஷன்களைக் கையாளும் டிஸ்க் மேனேஜ்மெண்ட். ஸ்டார்ட் பொத்தானை வலச்சொடுக்கினால் அந்தப் பெயர் தெரியும். திறந்தவுடன், வட்டு ஒரு நீளமான பட்டையாகவும் பார்ட்டிஷன்கள் இடமிருந்து வலமாகக் கட்டங்களாகவும் காட்சி தரும். அந்த வரிசை அலங்காரத்துக்கு வரைந்ததல்ல. வட்டில் அவை அமைந்திருக்கும் வரிசையே அது. ஒரு டிரைவை எக்ஸ்டெண்ட் செய்து பெரிதாக்க வேண்டுமானால், ஒதுக்கப்படாத இடம் அதற்கு வலப்பக்கத்தில், ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். டி-யை ஷ்ரிங்க் செய்து, அதாவது சுருக்கி, 100 ஜிபி எடுத்தால், அந்த இடம் டி-யின் வால் பக்கத்தில் பிறக்கும். சி-க்கும் அதற்கும் நடுவே டி முழுவதும் படுத்திருப்பதால், சி-யின் எக்ஸ்டெண்ட் தெரிவு அழுத்த முடியாமல் மங்கலாகவே நிற்கும். சரி, டி-யில் இருப்பதையெல்லாம் வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு டி-யையே நீக்கினாலும் பல கணினிகளில் அது மங்கலாகத்தான் இருக்கும். காரணம், சி-க்கும் டி-க்கும் இடையில் அரை ஜிபி அளவில் பழுது பார்ப்பதற்கான ரெக்கவரி என்றொரு பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். தெருவுக்கு அந்தப் பக்கம் மனை வாங்கிவிட்டு இந்தப் பக்க வீட்டை நீட்ட முடியாதது போன்ற நிலைமை இது. முன்பிருந்த ரெக்கவரி பார்ட்டிஷன் போதாமல் போனபோது, பெரிய அப்டேட் ஒன்றின்போது விண்டோஸ் சி-யின் வாலைக் கொஞ்சம் நறுக்கி அங்கே புதிதாக ஒன்றை அமைத்திருக்கும். உரிமையாளருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இந்த இடத்தில் பயன்படுவது ஜிபார்ட்டெட் என்ற இலவச மென்பொருள். அதைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் திறக்காமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கினால், ரெக்கவரி பார்ட்டிஷனை வலப்பக்கம் தள்ளிவிட்டு, காலியிடத்தை சி-யோடு சேர்க்கலாம். அதற்கு முன் சில ஏற்பாடுகள் தேவை. பிட்லாக்கர் குறியாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை நீக்க வேண்டும். பூட்டிய பார்ட்டிஷனின் அளவை ஜிபார்ட்டெட்டால் மாற்ற முடியாது. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் இந்தக் குறியாக்கம் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்து, விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் செய்ய வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக, சாதாரணமாக அணைத்த கணினி உண்மையில் அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அப்படி இருக்கும் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனின் அளவை மாற்ற ஜிபார்ட்டெட் மறுத்துவிடும், மறுப்பதும் சரியே. ஒரு பார்ட்டிஷனின் வலது ஓரத்தை மட்டும் சுருக்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை. இடது ஓரத்தை நகர்த்துவதென்றால் அதிலுள்ள அத்தனை தரவும் ஒவ்வொரு தொகுதியாக இடம் பெயர வேண்டும். 300 ஜிபி உள்ள டி-க்கு அது பல மணி நேரம். நடுவில் மின்சாரம் போனால் பாதி அங்கும் பாதி இங்குமாக நின்றுவிடும் என்பதால், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைத் தொடங்கவே கூடாது. தரவுக்கு நகல் இல்லாமல் எந்தக் கணினியிலும் தொடங்கக் கூடாது.

நடுவே தொல்லையாக நிற்கிறதே, ரெக்கவரி பார்ட்டிஷனை அழித்தே விடலாமே என்ற யோசனை பலருக்கு வரும். அழித்தாலும் விண்டோஸ் வழக்கம்போல் ஓடும். ஆனால் என்றாவது தொடங்க மறுக்கும்போது பழுது பார்க்கும் திரை வர வேண்டிய இடம் அதுதான். அது சிறிதாக இருந்தாலும் சிக்கல் உண்டு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 என்ற பாதுகாப்பு அப்டேட், பிட்லாக்கரைத் தாண்டிச் செல்லும் ஓட்டை ஒன்றை ரெக்கவரி சூழலில் அடைப்பதற்காக வெளியிடப்பட்டது. உலகெங்கும் ஏராளமான கணினிகளில் அந்தப் பார்ட்டிஷனில் இடம் போதாமல் அப்டேட் தோல்வியடைந்துகொண்டே இருந்தது. மைக்ரோசாஃப்ட் சொன்ன பரிகாரம், பயனர்களே கட்டளைகளை இட்டு அதை 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது. வீட்டில் பாட்டு கேட்கவும் கணக்கு எழுதவும் கணினி வைத்திருப்பவரிடம் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் பார்ட்டிஷனை அழித்து மறுபடி உருவாக்கச் சொன்னது எனக்கு இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

பெரிய வட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 4 டிபி வட்டை இணைத்து இனிஷியலைஸ் செய்து தயார்ப்படுத்தும்போது, பார்ட்டிஷன் அட்டவணைக்கு எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு தெரிவுகள் வரும். 1983இல் டாஸ் 2.0 காலத்தில் வந்த எம்பிஆர் அட்டவணை, செக்டார் (வட்டின் சிறு கட்டம்) எண்ணை 32 பிட்டில் எழுதுகிறது. செக்டாருக்கு 512 பைட் என்று பெருக்கினால் ஏறத்தாழ 2 டிபியோடு நின்றுவிடும், மிச்ச இடம் கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. முதன்மைப் பார்ட்டிஷன்களும் நான்குக்கு மேல் கூடாது. ஜிபிடிக்கு இந்த இரு தடைகளும் இல்லை. தன் அட்டவணையின் நகலை வட்டின் கடைசியிலும் வைத்துக்கொள்கிறது. மிகப் பழைய கணினியில் பயன்படுத்தப்போகிறோம் என்றாலொழிய ஜிபிடியே போதும்.

விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸையும் வைத்திருப்பவர்கள், வேண்டாம் என்று தோன்றும்போது டிஸ்க் மேனேஜ்மெண்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நேரடியாக அழித்துவிடுகிறார்கள். கணினியைத் தொடங்கும் வேலையை லினக்ஸோடு வந்த கிரப் என்ற நிரல் செய்துகொண்டிருந்தால், மறுமுறை கருப்புத் திரையில் கிரப் மட்டும் விழித்துக்கொண்டு நிற்கும். பூட் வரிசையில் விண்டோஸை முதலாவதாக்கிவிட்டு அழிப்பதே முறை. லினக்ஸில் இடம் தேடுகிறவர்களுக்கு வேறு சில மர்மங்கள் உண்டு. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் 5 விழுக்காடு இடம் ரூட் (நிர்வாகி) பயனருக்கென இயல்பாகவே ஒதுக்கி வைக்கப்படுகிறது. கணினி இயங்கும் பார்ட்டிஷனில் அது தேவை, ஆனால் சினிமாவும் படங்களும் மட்டுமே உள்ள 1 டிபி பார்ட்டிஷனில் 50 ஜிபி அப்படி முடங்கிக் கிடப்பது வீண், டியூன்2எஃப்எஸ் கட்டளையால் குறைத்துவிடலாம். இடம் இருந்தும் இல்லை என்று சொன்னால் ஐநோடுகள் (கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் பதிவுகள்) தீர்ந்திருக்கும். பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கும்; அந்த நிரலை நிறுத்தினால்தான் இடம் திரும்பும்.

பார்ட்டிஷனின் எல்லையை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டிய கட்டாயத்தை மற்றவர்கள் எப்போதோ தளர்த்திவிட்டார்கள். லினக்ஸுக்கு 1998இலேயே எல்விஎம் என்ற வால்யூம் மேலாண்மை முறை வந்துவிட்டது; அதில் இடம் ஒட்டினாற்போல் இருக்க வேண்டியதில்லை, எங்கிருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். ஆப்பிள் 2017இல் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் முறையில் ஒரே கொள்கலனுக்குள் உள்ள வால்யூம்கள் எல்லாம் காலியிடத்தைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. சாதாரண விண்டோஸ் கணினியில் இந்த வசதி இன்னும் இல்லை என்பதால், புதிதாக வாங்கும் ஒற்றை எஸ்எஸ்டி மடிக்கணினிகளில் நான் டி டிரைவே போடுவதில்லை. ரெக்கவரிக்கு ஏறத்தாழ 1 ஜிபி வட்டின் கடைசியில், மற்றதெல்லாம் சி. இடத்தைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும் என்பவருக்கு, படங்கள், கணக்கு, வேலை என்று மூன்று கோப்புறைகளை சி-க்குள் உருவாக்கிக் கொடுக்கிறேன். ஸ்டுடியோக்காரருக்கு மட்டும் கூடுதலாக 2 டிபி வெளி வட்டு ஒன்றை வாங்கச் சொன்னேன். வாடிக்கையாளர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போகும்வரை ஒவ்வொரு கல்யாணமும் இப்போது அதில் ஒரு நகலாகவும் இருக்கிறது.